சோறு யாருடையது?

1973 மே 25 அன்று மத்தியதரைக் கடலில் நேட்டோ நாடுகளின் கூட்டுப் பயிற்சியில் இருந்த ‘வெலோஸ்’ என்ற கிரேக்க நாசகாரிக் கப்பல் அணியைவிட்டு விலகி இத்தாலிக் கரையை நோக்கித் திரும்பியது. கிரேக்கத்தில் அப்போது ராணுவ ஆட்சி. அந்த ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகக் கடற்படை அதிகாரிகள் பலர் கைதாகியிருக்கிறார்கள் என்ற செய்தி வானொலி வழியே கப்பலுக்கு எட்டியிருந்தது. கப்பலின் தலைவர் நிக்கோலாஸ் பப்பாஸ் ரோம் நகருக்கு அருகிலுள்ள ஃபியூமிச்சினோ கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, தாம் இனி இந்த ஆட்சியின் கட்டளைக்கு உட்பட்டவரல்லர் என்று உலகுக்கு அறிவித்தார். அதிகாரிகளும் அவர்களுக்குக் கீழிருந்தவர்களுமாக முப்பது பேர் அளவில் அரசியல் அடைக்கலம் கேட்டு அயல்நாட்டிலேயே தங்கினார்கள். கூட வரத் தயாராக இருந்த மற்ற மாலுமிகளை ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். கப்பலும் பின்னர் கிரேக்கத்துக்கே திரும்பியது. 1974 ஜூலையில் ராணுவ ஆட்சி சரிந்தது. நாடு திரும்பிய பப்பாஸ் பிற்காலத்தில் கடற்படையின் தலைமைத் தளபதியானார். அமைச்சர் பதவியும் வகித்தார். வெலோஸ் இன்று சர்வாதிகாரத்துக்கு எதிரான போராட்டத்தின் அருங்காட்சியகமாக நிற்கிறது. கீழ்ப்படிவேன் என்று உறுதிமொழி எடுத்தவர் கீழ்ப்படியாமல் போனதை ஒரு நாடே கொண்டாடுகிறது. இது எப்படி அறமாகும் என்பதுதான் என் கேள்வி. கிரேக்கர்களிடம் கேட்பதைவிட இதை நம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கேள்விக்கு நாம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறோம். அந்தப் பதில் பப்பாஸுக்குச் சாதகமானதல்ல.

செஞ்சோற்றுக் கடன் என்று அதைச் சொல்கிறோம். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்துத் தீர்க்கும் கடன். கம்பனின் கும்பகர்ணனும் வில்லிபுத்தூராரின் கர்ணனும் இதற்கு நம் இரு பெரும் சான்றுகள். கும்பகர்ணன் முட்டாள்தனமாக உயிரை விட்டவன் அல்லன். சீதையைச் சிறைவைத்தது தவறு, அவளை விட்டுவிடு என்று அண்ணனின் அவையிலேயே எடுத்துச் சொன்னவன். கேட்கப்படவில்லை. பிறகு போர்க்களத்துக்கு வந்து தம்பி வீடணன் தன் பக்கம் அழைத்தபோது, இத்தனை காலம் வளர்த்து இன்று படைக்கோலம் பூட்டி அனுப்பியவனை விட்டு வருவதற்கில்லை என்கிறான். நீ போய்ப் பிழைத்திரு, எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்சட்டும் என்று தம்பியையும் வாழ்த்தி அனுப்புகிறான். அறம் எந்தப் பக்கம் என்று தெரிந்தே எதிர்ப்பக்கம் நின்று சாகிறான். கம்பன் கதைப்படி வீடணன்தான் சரி. ஆனால் படிப்பவர் கண்ணீர் கும்பகர்ணனுக்குத்தான் போகிறது. காட்டிக்கொடுத்தவனைத் திட்ட இன்றும் வீடணன் பெயரையே எடுக்கிறோம். காவியம் சொன்ன தீர்ப்பைத் தமிழ் மனம் மேல்முறையீட்டில் மாற்றி எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் வெறும் உணர்ச்சி அல்ல, அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது: யாருடைய சோற்றை உண்டாயோ அவனுக்கே நீ கடன்பட்டவன், அவன் செய்வது தவறானாலும்.

இந்த வாதத்துக்கு வரலாற்றில் நிறுவன வடிவமும் உண்டு. சோழர் காலத்து வேளைக்காரப் படையினர் அரசனோடு உயிர்வாழவும் அவனோடு சாகவும் சூளுரைத்தவர்கள். மாபார் என்று தான் குறிப்பிட்ட பாண்டிய நாட்டில், அரசன் இறந்தால் அவனுடைய நெருங்கிய வீரர்கள் சிதையில் பாய்ந்து உயிர்விடுவார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். குறளிலும் படைச்செருக்கு அதிகாரம், காத்தவன் கண்ணில் நீர் தளும்பும்படி நேரும் சாவை இரந்தாவது பெறலாம் என்று முடிகிறது. இங்கெல்லாம் வீரனுக்கும் அரசனுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. சட்டம் இல்லை, மக்கள் இல்லை, நாடு என்ற தனிப்பொருளும் இல்லை. அரசன் களஞ்சியத்திலிருந்து சோறு வருகிறது. வீரன் உடலிலிருந்து உயிர் போகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கணக்கு அன்றே முழுமையாகப் பொருந்தவில்லை, இன்று அடியோடு பொருந்தாது. ஆனால் கடன் இல்லை என்று ஆகிவிடவில்லை. கடன் இருக்கிறது, கொடுத்தவர் வேறு. அதைத் திருப்பிச் செலுத்தும் வழியும் வேறு.

இன்றைய படைக்கு வருவோம்.  புனே அருகே கடக்வாஸ்லாவில், தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்றும் தேசியப் பாதுகாப்புக் கழகம் 1955 முதல் இயங்குகிறது. சேவையே பரம தருமம் என்பது அதன் சமஸ்கிருத முத்திரை வாசகம். யாருக்குச் சேவை என்று அது சொல்வதில்லை. படையில் சேருபவர் எடுக்கும் உறுதிமொழி சொல்கிறது: சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்பதுதான் முதல் வரி, குடியரசுத் தலைவரின் கட்டளைக்கும் மேலதிகாரியின் கட்டளைக்கும் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் கீழ்ப்படிவேன் என்பது அடுத்து வருவது. 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் கீழ்ப்படியாமையைக் குற்றமாக்கும்போதும் சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையை மீறுவதையே குற்றம் என்கிறது. சம்பளமோ, ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் வாக்களித்து ஒதுக்கும் மானியத்திலிருந்து வருகிறது. சோறு பிரதமருடையதல்ல, பாதுகாப்பு அமைச்சருடையதல்ல, ஆளும் கட்சியுடையதும் அல்ல. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற ஒவ்வொருவருடையதும்தான். கும்பகர்ணன் இலங்கையில் கடன்பட்டது இராவணனுக்கா, இலங்கையின் உழவர்களுக்கா என்று கம்பன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர் காலத்தில் இல்லை. நமக்கு இருக்கிறது.

இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. கடன் மக்களுக்கு என்றால், மக்களுக்கு எது நல்லது என்று யார் தீர்மானிப்பது? துப்பாக்கி வைத்திருப்பவரே தீர்மானிக்கலாமா? கிரேக்கக் கதையின் முதல் பாதி இந்த இடத்தில்தான் வழிமறிக்கிறது. 1967 ஏப்ரல் 21 அன்று ஆட்சியைப் பிடித்த கர்னல்கள், அவர்களின் தலைவரான பப்படோபுலோஸ் உட்பட, நாட்டைக் காப்பாற்றவே வந்ததாகச் சொன்னார்கள். அவர்களும் உறுதிமொழி எடுத்தவர்கள், அவர்களும் மீறியவர்கள். மனச்சாட்சி என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் பப்படோபுலோஸையும் பப்பாஸையும் பிரித்தறிய வழியில்லை. எந்த நாட்டிலும் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி எவரும் மனச்சாட்சி இல்லாமல் வானொலியில் பேசியதில்லை. நமக்கு நெருக்கமான சான்று இலங்கையின் பொலன்னறுவையில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் விஜயபாகு மன்னன் சோழருக்கு எதிராகப் படையெடுக்க ஆணையிட்டபோது, அவனிடம் பணிபுரிந்த வேளைக்காரப் படை மறுத்துக் கிளர்ந்தது. தளபதிகளைக் கொன்று, அரண்மனைக்கும் தீ வைத்தது என்கிறது சூளவம்சம். மன்னன் கிளர்ச்சியை அடக்கித் தலைவர்களைத் தீயில் இட்டான். போரிட மறுத்தது வரையில் அவர்கள் பக்கம் ஒரு நியாயத்தைக் காண என்னால் முடிகிறது. தீ வைத்ததில் முடியவில்லை. அதே பொலன்னறுவையில், பின்னாளில், புத்தரின் தந்தச் சின்னம் இருந்த கோயிலைக் காப்பதாக உறுதிகூறித் தமிழில் கல்வெட்டு வைத்ததும் இதே வேளைக்காரர்கள்தான் என்பது வரலாற்றின் குறும்பு.

ஆக, கீழ்ப்படிய மறுப்பது ஒன்று, தன் கட்டளையைப் பிறர்மேல் சுமத்துவது இன்னொன்று. முதலாவதற்கு மனச்சாட்சி போதும். இரண்டாவதற்கு எவ்வளவு தூய மனச்சாட்சியும் போதாது, ஏனென்றால் சோறிட்டவர் அந்த அதிகாரத்தை அவருக்குத் தரவில்லை. மக்கள் பணத்தில் வாங்கிய பீரங்கியை மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு முடிவுக்காகத் திருப்பினால், அது கடனை அடைப்பதல்ல, கொடுத்தவர் வீட்டையே ஜப்தி செய்வது. வெலோஸ் அருங்காட்சியகமானதற்குப் பப்பாஸ் மீறினார் என்பது மட்டும் காரணமல்ல. பீரங்கிகளை எந்தத் துறைமுகத்தின் மீதும் திருப்பாமல், கப்பலைத் தமதாக்கிக்கொள்ளாமல், கூட்டத்தைப் பெருக்காமல் அவர் இறங்கிச் சென்றார். இழந்ததெல்லாம் அவரும் அவரோடு இறங்கியவர்களும்தான். மீறல் துரோகமா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை: ஆயுதத்தைக் கீழே வைத்தாரா, விலையைத் தாமே கொடுத்தாரா?

இந்த உரைகல்லில் நம் கடற்படையின் மிகப் பெரிய மீறலைத் தேய்த்துப் பார்த்தால் நிறம் கலந்தே தெரிகிறது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் கொலாபாவில் ‘தல்வார்’ என்ற தகவல்தொடர்புப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உடனடிக் காரணம் சாப்பாடு. தின்ன முடியாத உணவு, அதைப் பற்றிக் கேட்டால் தளத்தின் வெள்ளை அதிகாரியிடமிருந்து இனத்தைச் சொல்லி வசை. செஞ்சோற்றுக் கடனுக்கு இதைவிடக் கசப்பான எதிர்க்கதையை யாரும் கற்பனை செய்ய முடியாது: இந்தியர் வரியில் விளைந்த சோறு, பிரிட்டிஷ் அரசின் சோறு என்று சொல்லிப் பரிமாறப்படுகிறது, அதுவும் கெட்டுப்போனதாக. அதற்கு முன்பே பி. சி. தத் என்ற இளைஞர் தளத்தின் சுவர்களில் வெள்ளையனே வெளியேறு என்று எழுதியதற்காகப் பிடிபட்டிருந்தார். எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத்தலைவராகவும் ஒரு மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. சில நாள்களில் கராச்சி, சென்னை, விசாகப்பட்டினம் என்று பரவி, ஏறக்குறைய 20,000 மாலுமிகளைத் தொட்டது. தொடக்கத்தில் அது வேலைநிறுத்தம்தான். பிறகு காஸ்டில் பாரக்ஸில் துப்பாக்கிச் சண்டை நடந்தது, கராச்சியில் ‘ஹிந்துஸ்தான்’ கப்பல் பீரங்கியால் பேசியது, கப்பல்களின் பீரங்கிகள் பம்பாய்க் கரையை நோக்கித் திரும்பி நின்றன. வெளியே ஆதரவாகத் தெருவில் இறங்கிய பொதுமக்களில் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். பட்டேலின் அறிவுரைப்படி 23ஆம் தேதி கறுப்புக் கொடி ஏற்றிச் சரணடைந்தார்கள்.

காந்தி இதை ஏற்கவில்லை. வன்முறைக்காக இந்துவும் முஸ்லிமும் சேர்வது கூடா நட்பு என்று அவர் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அதோடு அவர் கேட்ட இன்னொரு கேள்வியை நாம் அதிகம் பேசுவதில்லை: இந்த வேலை தங்களுக்கோ இந்தியாவுக்கோ இழிவு என்று கருதினால் ஏன் அதில் நீடிக்க வேண்டும், விலகிவிடலாமே. விலகுவதைத்தான் ஒத்துழையாமை என்று தாம் சொல்லிவந்ததாகவும் குறிப்பிட்டார். அருணா ஆசஃப் அலி இதை மறுத்தார். வீதித் தடுப்பரண்களில் பிறக்கும் ஒற்றுமை அரசமைப்பு முன்னணியில் பிறப்பதைவிட மேல் என்பது அவர் கட்சி. பட்டேலின் கவலை வேறு: நாளை சுதந்திர இந்தியாவுக்கும் ஒரு படை வேண்டுமே, அதன் கட்டுப்பாட்டை இன்றே உடைத்து வைப்பதா? மூவரில் மாலுமிகளின் மனத்துக்கு மிக அருகில் இருந்தவர் அருணாதான். ஆனால் கேள்வியைச் சரியாகப் பிரித்தவர் காந்தி என்றே நினைக்கிறேன். கெட்ட சோற்றைத் தட்டிவிடும் உரிமை அவர்களுக்கு முழுமையாக இருந்தது. பீரங்கியைத் திருப்பியபோது விலையைத் தாமே கொடுக்கும் நிலையை இழந்தார்கள். விலையைத் தெருவில் நின்றவர்கள் கொடுத்தார்கள். இப்படிச் சொல்வது மாலுமிகளைச் சிறுமைப்படுத்துவதல்ல. விலகிவிடு என்று சொல்வது, திருமணத்துக்குக் காத்திருக்கும் தங்கையும் ஊரில் ஒத்தி வைத்த நிலமும் உள்ள பத்தொன்பது வயதுப் பையனிடம் என்னவாகக் கேட்டிருக்கும் என்பதைக் காந்தி எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. வெளியேற்றப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பட்டேலின் கட்டுப்பாடு வென்றது; அதன் பலனை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம், பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் அது தெரியும். நன்றி மட்டும் தாமதமாக, விடுதலை வீரர் ஓய்வூதியமாக, பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

இனி, ஆயுதம் இல்லாமல் பேசிய ஒருவரிடம் வருகிறேன். லட்சுமிநாராயணன் ராம்தாஸ் 1933இல் பம்பாய் மாதுங்காவில் பிறந்தவர். 1971 போரில் வங்காள விரிகுடாவில் ‘பியாஸ்’ போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்று வீர் சக்ரா பெற்றார். 1990 இறுதியிலிருந்து 1993 செப்டம்பர் வரை இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி. மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்கள் கடற்படை அதிகாரிகளானது அவர் காலத்தில்தான். அவருடைய மாமனார் ராம்தாஸ் கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்து அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். ஓய்வுபெற்றபின் ராம்தாஸ் ராய்கட் மாவட்டத்தில் அலிபாக் அருகே ஒரு சிற்றூரில் குடியேறி விவசாயம் பார்த்தார். மராட்டியக் கடற்படையின் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கடற்கரை அது. மராட்டிய அரியணைப் போட்டியில் தாராபாய் பக்கம் இருந்து பின்பு பேஷ்வா பாலாஜி விஸ்வநாத்தின் பேச்சுக்கு இணங்கி சாகு மகாராஜா பக்கம் மாறிய ஆங்கரேயை மராட்டியர் யாரும் வீடணன் என்று ஏசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். விவசாயி ராம்தாஸ் சும்மா இருக்கவில்லை. இந்திய, பாகிஸ்தான் மக்கள் அமைதிக்கும் மக்களாட்சிக்குமான மன்றத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பின் அணு ஆயுதத்தை வெளிப்படையாக எதிர்த்தார். 2004இல் பாகிஸ்தானின் ஐ. ஏ. ரஹ்மானோடு சேர்ந்து மகசேசே விருது பெற்றார். ஆம் ஆத்மி கட்சி தோன்றியபின் அதன் உட்கட்சி லோக்பால் பொறுப்பை ஏற்றார். நாட்டில் சகிப்பின்மை பெருகுவதாகக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் 2015இல் திறந்த மடல் எழுதினார். 2024 மார்ச் 15 அன்று தம் 90ஆம் வயதில் காலமானார்.

ராம்தாஸ் பப்பாஸ் அல்லர். அவர் கப்பலைத் திருப்பவில்லை, கட்டளையை மீறவில்லை, சீருடையைக் கழற்றும்வரை பொதுமேடையில் அரசை எதிர்த்துப் பேசவில்லை. அதனாலேயே அவர்மீது எழும் முதல் ஆட்சேபம் கூர்மையானது: பதவியும் கொடியும் காரும் இருந்தவரை வாய் திறக்காமல், ஓய்வூதியம் உறுதியானபின் பேசுவதில் என்ன துணிச்சல்? அணுசக்தி நீர்மூழ்கிக்கான திட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒரு படைக்குத் தலைமை தாங்கிவிட்டு, பிறகு அணு ஆயுதம் கூடாது என்பதா? இந்த ஆட்சேபத்தில் பாதியை ஏற்கிறேன். ஓய்வுபெற்றபின் வரும் ஞானம் மலிவாகக் கிடைப்பது, சந்தையில் நிறையவும் இருக்கிறது. ஆனால் மற்றப் பாதி தவறான இடத்தில் துணிச்சலைத் தேடுகிறது. பதவியில் இருக்கும் தளபதி சந்தையில் பேசினால் அது கருத்தாக நிற்காது. பின்னால் கப்பல்கள் நிற்கும் கருத்து அச்சுறுத்தலாகிவிடும். அவர் பேச வேண்டிய இடம் மூடிய அறை. குறளின் அமைச்சு அதிகாரம், சொல்வதைக் கேளாத அரசனாக இருந்தாலும் உறுதியானதை எடுத்துச் சொல்வதை அருகிருப்பவன் கடமையாக்குகிறது. கும்பகர்ணன் மந்திரப் படலத்தில் செய்ததும் அதைத்தான். கேட்காவிட்டால் விலகலாம். விலகியபின் அவர் சொல் வெறும் சொல்லாகிவிடுகிறது, யாரும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அதனால்தான் அது பேசத் தகுந்ததாகவும் ஆகிறது. சொல்லின் பின்னாலிருந்த ஆயுதம் நீங்குவதற்கு ஓய்வு ஒரு வழி, பதவி விலகல் இன்னொரு வழி. 1998 டிசம்பர் 30 அன்று, துணைத் தளபதி நியமனத்தில் அரசின் முடிவை ஏற்க மறுத்த அட்மிரல் விஷ்ணு பகவத் பதவியிலிருந்து நீக்கப்பட்டது மூன்றாவது வழி. நியமனச் சிக்கலில் யார் பக்கம் சட்டம் இருந்தது என்பதை வழக்கறிஞர்களுக்கு விடுகிறேன். அன்று மாலை ஒரு மாலுமிகூட அவருக்காக அசையவில்லை, அவரும் யாரையும் அசைக்கவில்லை, புதிய தளபதி பொறுப்பேற்றார். மறுத்தவர் விலையைத் தாமே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு புத்தகம் எழுதினார், மேடைகளில் பேசினார். குடியரசு ஒன்றில் மீறலுக்கு இதைவிடத் தூய வடிவம் கிடைக்குமா என்று எனக்கு ஐயம்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆயுதத்தை வைத்துவிட்டுப் போவதென்றால், அக்கிரமத்தின் கையில் ஆயுதம் அப்படியே இருந்துவிடுமே? வெலோஸ் அணியைவிட்டு விலகியதால் ஏதென்ஸில் ஆட்சி கவிழவில்லை; அது கவிழ்ந்தது சைப்ரஸில் செய்த விபரீதத்தால். உண்மைதான். நாஜிக்களின் கீழ் பணிபுரிந்த அதிகாரி ஒருவர் இறங்கிப்போனால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன். தேர்தலும் நீதிமன்றமும் பத்திரிகையும் முற்றாக அழிந்த இடத்தில் அளவுகோல் மாறும். நூரம்பர்க் தீர்ப்புக்குப் பின் வகுக்கப்பட்ட கோட்பாடு, மேலிடத்து ஆணை என்பது குற்றவாளியைக் காப்பாற்றாது என்கிறபோதுகூட, வேறு வழியைத் தேர்ந்துகொள்ள உண்மையில் வாய்ப்பு இருந்ததா என்பதையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் இந்த விதிவிலக்கை வாசலில் மாட்டிவைக்கும் படை எந்நேரமும் தன் அரசை ஹிட்லராகவே பார்க்கத் தொடங்கும். விதிவிலக்குக்கும் ஒரு கதவு வேண்டும். அதன் சாவி வாசற்படியில் கிடக்கக் கூடாது.

வில்லிபுத்தூரார் நமக்கு ஒரு மூன்றாவது ஆளைத் தந்திருக்கிறார், நாம்தான் கும்பகர்ணனையும் வீடணனையும் மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடுகிறோம். விதுரன். கௌரவர் அவையில் வளர்ந்தவன், அவர்கள் சோற்றை உண்டவன், அவர்களுக்கே இடைவிடாமல் நல்லது சொன்னவன். தூது வந்த கண்ணனைத் தன் வீட்டில் தங்கவைத்ததற்காகத் துரியோதனன் பிறப்பைச் சொல்லி இழித்தபோது, விதுரன் தன் வில்லை அவையிலேயே ஒடித்துப் போட்டுவிட்டு வெளியேறுகிறான். பாண்டவர் பக்கம் போய்ச் சேரவில்லை. முடியும் கேட்கவில்லை. வீடணனிடம் நம் மக்கள் மன்னிக்காதது இந்த இரண்டையும்தான்: எதிரி முகாமில் இருந்து இலங்கையின் பலவீனங்களைச் சொன்னது, போர் தொடங்கும் முன்பே முடிசூட்டப்பட்டது. பப்பாஸும் பின்னாளில் தளபதியானார், அமைச்சரானாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1973 மே மாதத்தில் அந்த ஆட்சி இன்னும் பதினான்கே மாதங்களில் கவிழும் என்று அவருக்குத் தெரியாது; அவருக்கு யாரும் முன்கூட்டியே முடி சூட்டவில்லை. விலையைக் கொடுக்கும்போது லாபம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். அதற்குமேல் கேட்பது மனிதரிடம் கேட்பதல்ல. விதுரனைப் பற்றியும் ஒரு குறை சொல்லலாம்: வில்லை ஒடித்தவன் தீர்த்த யாத்திரை போய்விட்டான், போர் அது பாட்டுக்கு நடந்தது. ராம்தாஸ் போன்றவர்கள் விதுரனைவிட ஒரு படி முன்னே போனார்கள் என்று நான் கருதுவது இங்கேதான். ஒடித்த வில்லோடு அவையை விட்டு வந்தவர்கள், சந்தையில் நின்று பேசவும் செய்தார்கள்.

பேசலாம் சரி, வாக்குக் கேட்கலாமா என்பது மிஞ்சியிருக்கும் ஆட்சேபம். மூன்றிலும் இதுவே எனக்குக் கடினமானது. படையிலிருந்து அரசியலுக்கு வருவது நம்மிடம் புதிதல்ல. ஜஸ்வந்த் சிங், பி. சி. கந்தூரி என்று பட்டியல் உண்டு. புனேயே விமானப்படை விமானியாக இருந்த சுரேஷ் கல்மாடியைப் பல முறை மக்களவைக்கு அனுப்பியது. பதவியின் முன்னொட்டு சுவரொட்டியில் ஏறும்போது, மக்கள் படைமீது வைத்திருக்கும் நம்பிக்கை ஒரு கட்சியின் கணக்கில் வரவாகிறது. அந்த நம்பிக்கை தனிமனிதர் சேர்த்ததல்ல, சியாச்சினில் நின்றவர்களும் சேர்த்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமா, பாலாகோட் நிகழ்வுகளுக்குப் பின் கட்சிகள் படைவீரர்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும்படி ராம்தாஸ் தேர்தல் ஆணையத்துக்கு எழுதினார். 2013 டிசம்பரில் தான் விடுத்த அறிவுரையை ஆணையம் 2019 மார்ச்சில் நினைவூட்டியது. பாதுகாப்புப் படையினரின் படங்களை விளம்பரத்தில் போடாதீர்கள் என்பது அதன் சாரம். அந்த மடலுக்குக் கவனம் கிடைத்ததே எழுதியவர் முன்னாள் கடற்படைத் தளபதி என்பதால்தான். அவரும் பதவிப் பெயரைப் பயன்படுத்தினாரே என்று குறை சொல்வோர் உண்டு. பயன்படுத்தினார். வித்தியாசம் கேட்டதில் இருக்கிறது. பதவி கற்றுக்கொடுத்ததைப் பொதுவில் வைப்பவர் தமக்கென எதையும் கேட்கவில்லை. சுவரொட்டிக்காரர் வாக்கைக் கேட்கிறார்.

கட்சிக்குள்ளும் இதே சோதனை அவரைத் தொடர்ந்தது. 2015 மார்ச்சில் ஆம் ஆத்மி கட்சியின் தலைமைக்குள் பிளவு முற்றியபோது, உட்கட்சி லோக்பால் என்ற முறையில் அவர் உட்கட்சி ஜனநாயகம் பற்றிய தம் கவலையைத் தலைமைக்கு எழுதினார். 28ஆம் தேதி கூடிய தேசியக் குழுக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று தெரிவிக்கப்பட்டது. மறுநாள் அவரிடமிருந்து அந்தப் பொறுப்பு போனது. புதிதாகத் தொடங்கிய, வெளிப்படைத்தன்மையையே கொள்கையாகச் சொன்ன கட்சிகூட, தன் நீதிபதியிடம் எதிர்பார்த்தது கும்பகர்ண விசுவாசத்தைத்தான். சோறு அங்கே தொண்டர்கள் தந்த நன்கொடை. கடன் மட்டும் தலைமைக்கு.

ஓய்வுபெற்ற அதிகாரிகள் தேர்தலில் நிற்கச் சில ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற கோரிக்கையை 2022இல் உச்ச நீதிமன்றம் சட்டமியற்றுவோரிடமே விட்டுவிட்டது. பேசுவதற்கு எந்த இடைவெளியும் கூடாது, வாக்குக் கேட்பதற்கு ஓர் இடைவெளி வேண்டும் என்பதே என் நிலை. எத்தனை ஆண்டு என்பதில் வாதிடலாம். ராம்தாஸ் சீருடையைக் கழற்றியது 1993இல். ஒரு கட்சியின் பொறுப்பை ஏற்றது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, அதுவும் வாக்குக் கேட்பதற்காக அல்ல, கட்சிக்காரர்கள் மீதான புகார்களை விசாரிப்பதற்காக.